ஆசீர்வாதம் சொன்ன காரணம்

கம்ப்யூட்டர் திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றுவிட்டால் மகிழினி உடனே பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அன்றைக்கும் நின்றது. கல்மண்டபத்து அச்சகத்துக்கு டைப் அடித்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் புருஷன் செங்குட்டுவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னா, நின்னுபோச்சா?"

"இரு, வந்துடும்."

வரவில்லை. அவன் மவுஸைப் பிடுங்கி, வயரை இரண்டாக மடித்து அவள் முதுகில் வீசினான். முதல் வீச்சில் அவளுக்கு மூச்சு நின்றது. அடுத்ததில் தோல் பிய்ந்தது. விம்கோ நகர் வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு என்பதால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கீழே விழுந்தவளை இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டு, "ஞானதுரைகூட இன்னாத்த பேசிக்கினு கீற இதுல?" என்று கேட்டான். ஞானதுரை அந்த அச்சகத்து முதலாளி. பேரன் பேத்தி எடுத்த மனுஷன்.

செங்குட்டுவன் குடிகாரன் இல்லை. குடித்திருந்தாலாவது போதை மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறுதல் தேடலாம். எண்ணூர்ப் பக்கம் ஒரு மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் ஒப்பந்த வேலை. அங்கே உடன் வேலை பார்க்கும் ஆசீர்வாதம் என்ற புண்ணியவான்தான் அவனுக்கு ஓதியது: "மாமு, வூட்டு கம்ப்யூட்டர் சிலோ ஆவுதுன்னா உள்ள திருட்டுத்தனம் நடக்குதுன்னு அர்த்தம். போட்டோ, பேச்சுன்னு ஒளிச்சு வெச்சா எல்லாம் உள்ள போய் அடைச்சிக்கும்." ஆசீர்வாதம் ஜென்மத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் பெண்டாட்டியைப் பற்றி எவன் எது சொன்னாலும் நம்புகிற காது செங்குட்டுவனுக்கு. அன்றிலிருந்து மணல் கடிகாரம்தான் சாட்சி. அது எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் அடி.

கம்ப்யூட்டர் பெட்டி வேகமாக ஓடிவிட்டால் அடி நின்றுவிடும் என்று மகிழினி நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அதன் நோயைக் கண்டுபிடிக்கக் கிளம்பினாள். முதலில் விளையாட்டுகளை எல்லாம் தூக்கினாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் குறுந்தகட்டில் ஏற்றிவிட்டு அழித்தாள். வைரஸ் இருக்கிறதா என்று ஒரு பகல் முழுக்கத் தேடவிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. காலையில் நன்றாக ஓடும், சோறு வடிக்கிற நேரத்துக்குத் தள்ளாட ஆரம்பிக்கும், அவன் வேலை முடிந்து வரும் சாயங்காலத்தில் அடியோடு படுத்துக்கொள்ளும். இந்த மெஷினுக்கும் அவன் வருவது தெரியும்போல என்று அழுகையோடு சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போனது. அவள் துணி துவைத்து, காயப்போட்டு, ஆட்டுக்கல்லில் மாவும் அரைத்து முடித்த பிறகுதான் வந்தது. பெட்டியைப் போட்டாள். காலையில் ஓடியது போலவே ஓடியது. அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. உள்ளே அழித்தது எதுவுமில்லை, சேர்த்ததும் எதுவுமில்லை. நடந்தது ஒன்றே ஒன்று, பெட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அதன் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தகடு மெல்ல மெல்லச் சூடேறி, தோசைக்கல்லைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்ள வைத்தது. அதே நேரத்தில் திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றது.

மேசையை இழுத்துப் பின்பக்கம் பார்த்தாள். காற்று போக விட்டிருந்த ஓட்டைகள் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப். பக்கத்திலும் டேப். ஒட்டியவன் செங்குட்டுவன்தான், பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே. மின் நிலையத்தில் சாம்பல் புகாமல் இருக்க ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டியின் இடுக்கையும் இப்படித்தான் அடைப்பார்கள். காற்றில் சாம்பல் வருகிற ஊர் இது, வீட்டில் டிவிக்கும் உறை, மிக்ஸிக்கும் உறை. ஒரு ஊசிமுனை விடாமல் அவன் ஒட்டியதைப் பார்த்து அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவி, அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டு, மூச்சு ஏன் வாங்குகிறது என்று அவளை அடித்திருக்கிறான்.

கத்தியால் டேப்பைக் கிழித்தாள். திருகாணிகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பாவம், வெந்த காற்றையே திருப்பித் திருப்பி. கொஞ்ச நேரத்தில் பெட்டி பறந்தது. சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்தாள், ஒருமுறைகூட நிற்கவில்லை. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதுகு எரிச்சல்கூட மறந்துபோய் அவனுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் குழம்பு வைத்தாள்.

வந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். "நீயே பாருய்யா. எத்த வேணாலும் தொற." அவன் திறந்தான். எல்லாம் தட்டியவுடன் திறந்தது. அவன் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அது இறுகுவதைக் கண்டாள்.

"இன்னாத்த அழிச்ச?"

"இன்னாது?"

"நேத்து வரிக்கும் படுத்துகினு இருந்துச்சு. இன்னிக்கு ஓடுது. உள்ள இருந்தத அழிச்சிட்ட. எவன் வந்தான் வூட்டுக்கு? ஞானதுரை ஆள் அனுப்பினானா?"

"நீ ஒட்டுன டேப்புதான்யா காரணம். சூடேறி நின்னுச்சு. கைய வெச்சுப் பாரு."

அவன் கையை வைத்தது பெட்டியில் இல்லை, அவள் தலைமுடியில். கொத்தாகப் பிடித்து பீரோவில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது, நெற்றியில் ரத்தம் இறங்கிக் கண்ணை மறைத்தது. இரண்டாம் முறை மோதியபோது அவளுக்குப் புரிந்தது. நின்றால் திருட்டு, ஓடினால் திருட்டை மறைத்தது. இந்த மெஷினை எந்தக் கொம்பன் வந்து சரிபார்த்தாலும் அவள் தப்ப முடியாது. பழுது அவனிடம் இருக்க, இத்தனை நாளாக அவள் பெட்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்கும்போதே அவளுக்கு அவன் மேலும் தன் மேலும் ஒருசேர ஆத்திரம் பொங்கியது.

மூன்றாம் முறைக்கு அவன் இழுத்தபோது அவள் கை சுவரோரம் இருந்த தகட்டில் பட்டது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துத் திரும்பி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவன் முகத்தில் அறைந்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. அவன் முடியை விட்டான். திரும்பவும் கையை ஓங்கி வந்தான். அவள் விளிம்பால் அடித்தாள். காது கிழிந்து தொங்க, கட்டில் காலில் இடித்துக்கொண்டு தரையில் விழுந்தான். பெண்டாட்டி அடிப்பாள் என்று அவனுக்கு எவனும் ஓதியிருக்கவில்லை. எழுந்திருக்காமல் அவளையே பார்த்தான். "இன்னும் ஒரு தபா எழுந்து வந்த, மண்டய பொளந்துடுவேன்" என்றாள். தகட்டை ஓங்கிய கையை அவள் இறக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டு சாபிரா வந்தாள். பின்னால் தெருவே நின்றது. இரண்டு பேர் முகத்திலும் ரத்தத்தைப் பார்த்து, "யா அல்லா, இன்னா ஆச்சு?" என்றாள்.

செங்குட்டுவன் முந்திக்கொண்டான். மூக்கைப் பொத்தியபடி தலையைக் குனிந்து, "ஒண்ணுமில்ல சாபிரா. பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டேன்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து தெருவுக்கு மகிழினி சொல்லிவந்த பதில் அது. அவன் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமான பொய் என்று அவளுக்கு உறைத்தது.

"வுழலக்கா" என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான்தான் அடிச்சேன். நானும் ஒரு நாளும் வுழுந்தது இல்ல."