சிவப்புச் சீட்டின் முடிச்சு

எந்தப் பொருளின்மேலும் எழுதியிருக்கும் எண்ணை விஸ்வேஸ்வரன் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கதவுத் திரை வாங்கினால் கடைக்காரரின் எதிரிலேயே விரித்து அளப்பார். காலையில் பேக்கரியிலிருந்து வரும் ஆறு பாவ் ரொட்டிகளும் ஒரே உயரந்தானா என்று எஃகு அளவுகோலை நிறுத்திப் பார்ப்பார். அதற்குள் தேநீர் ஆறிவிடும்.

தாபோடியில் ஒரு தொழிற்கூடத்தின் பரிசோதனை அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவர் அவர். சரியான உதிரிபாகத்துக்குப் பச்சைச் சீட்டு, தவறானதற்குச் சிவப்புச் சீட்டு என்பது அங்கே முறை. நல்ல பொருளில் தவறிப்போய்ச் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டால், கட்டிய கையே, அப்பொருளைச் செய்த தொழிலாளியின் முன்னிலையில் அதை அவிழ்த்துப் பச்சையைக் கட்டவேண்டும். கத்தரிக்கக் கூடாது. அந்த வழக்கத்துக்கு விஸ்வேஸ்வரன் ஒருமுறையும் ஆளானதில்லை. ஓய்வு பெற்றபோது, மிஞ்சியிருந்த சில சீட்டுகளைத் தம் வெர்னியர் அளவுமானியின் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி சாவித்ரி தினமும் விடியற்காலையில் குடியிருப்பின் சைக்கிள் குழுவோடு முளா நதியோரமாக ஓட்டிவருவார். மழைக்காலத்தில் அந்தச் சாலை பாதி நேரம் மேகத்துக்குள் இருக்கும். எதிரே வருபவரின் மணியோசை முதலில் வரும். பிறகுதான் ஆள் வருவார். அப்படி ஓட்டுவதில் அவருக்குக் கொஞ்ச நாளாகத் தோள்வலி. இருப்புப்பாதை அருகே கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில், ஆம்பூரிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக அங்கே சைக்கிள் பழுது பார்ப்பவர், சாவித்ரியைக் கடைமுன் நாலு சுற்று ஓட்டச்சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, கைப்பிடி உங்களுக்கு எட்டாத தூரத்துல இருக்கு. நீங்க ஓட்டல, தாவுறீங்க" என்றார்.

கைப்பிடியை முன்சக்கரத் தண்டோடு இணைக்கும் குட்டையான கைக்கு ஸ்டெம் என்று பெயர். நூறு என்று எழுதியிருந்த பழையதைக் கழற்றிவிட்டு, எண்பது மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த புதியதை இஸ்மாயில் பொருத்தினார். கைப்பிடி இரண்டு சென்டிமீட்டர் கிட்டே வந்தது. அது புதன்கிழமை.

அன்று மாலையே விஸ்வேஸ்வரன் வெர்னியரை எடுத்தார். ஸ்டெம்மின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தாடைகளைப் பொருத்தினார். நூற்றிருபது! மறுபடி அளந்தார். அப்போதும் நூற்றிருபது.

"நாற்பது கூட வச்சு ஏமாத்திட்டான்" என்றார்.

"ஏங்க, எனக்குத் தோள்வலி போயிட்டுன்னு சொல்லுதேன். நீங்க இரும்ப அளந்துக்கிட்டு இருக்கிய!"

"வலி போனது உன் நெனப்பு. வெர்னியருக்கு நெனப்பு கெடையாது."

பெட்டியைத் திறந்தார். சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து, நூலை மூன்று சுற்றுச் சுற்றி ஸ்டெம்மில் கட்டினார். பிறகு கைப்பேசியில் சைக்கிள் குழுவுக்கு எழுதினார்: 'இஸ்மாயில் கடையில் எண்பது என்று பொறித்து நூற்றிருபதைத் தருகிறார்கள். நானே அளந்தேன். கவனம்.' இஸ்மாயிலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிசோதனை அறையில் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

சாவித்ரி அந்தச் சீட்டோடேயே ஓட்டினார். "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டினாப்புல இருக்கு" என்று சிரித்தார். ஆனால் மேகத்துக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு படபடத்துக்கொண்டு வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லோணாவளா வரை போகும் மழைக்காலப் பயணத்துக்கு முன்பு, ஆண்டுதோறும் குழுவின் முப்பது சைக்கிள்களும் இஸ்மாயிலின் கைக்குப் போவது வழக்கம். இம்முறை ஒன்றுகூடப் போகவில்லை.

சனிக்கிழமை நண்பகல் சாவித்ரி கடைக்குப் போய்வந்தார். பையிலிருந்து பழைய ஸ்டெம்மை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கடையில ஈ காக்கா இல்ல. அந்த மனுசன் தொடச்ச ஸ்பேனரையே தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இருபது வருசப் பேரு, உங்க ஒரு வரியில போயிட்டு."

"என்ன சொன்னான்?"

"கோவப்படல. பழச எங்கிட்ட குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'சார் எங்கேர்ந்து எங்க வரைக்கும் அளந்தாரு அக்கா?'"

"என்கிட்டயேவா?" என்று உறுமிவிட்டு விஸ்வேஸ்வரன் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜன்னலில் தூறல். கண்கள் மூடியதும், அவர் ஒரு மாபெரும் வரைபடத் தாளின்மேல் நடந்துகொண்டிருந்தார். தாள் வெண்மையாக, ஈரமாக, முடிவில்லாமல் இருந்தது. அதில் கோடுகள் இல்லை, அம்புக்குறிகள் இல்லை, எண்கள் இல்லை. வட்டமான இரண்டு குளங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாமரை. ஒரு கொக்கு வந்து, "ஐயா, இந்தக் குளத்துக்கும் அந்தக் குளத்துக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டது.

அவர் கயிற்றை இழுத்து, முதல் குளத்தின் இந்தக் கோடிக் கரையிலிருந்து இரண்டாம் குளத்தின் அந்தக் கோடிக் கரை வரை அளந்து, "நூற்றிருபது" என்றார்.

கொக்கு வருத்தத்தோடு அவரைப் பார்த்தது. "மழை பெய்தால் கரை அகலும், வெயில் அடித்தால் குறுகும். நான் கரைக்குக் கரை பறப்பதில்லை. இந்தத் தாமரையிலிருந்து அந்தத் தாமரைக்குப் பறக்கிறேன். அது என்றும் எண்பதுதான்."

சொல்லிவிட்டு அது பறந்தது. அதன் நிழல் ஒரு குளத்தின் நடுவிலிருந்து மறு குளத்தின் நடுவுக்கு, மையக்கோடு போல, தாள்மேல் விழுந்தது.

விழித்தபோது மணி நான்கு. விஸ்வேஸ்வரன் நேரே சைக்கிளிடம் போனார். கைப்பிடியைப் பிரித்து, ஸ்டெம்மைச் சீட்டோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு முனையில் தண்டு நுழையும் வட்டத் துளை. மறு முனையில் கைப்பிடி அமரும் வட்டத் துளை. இரண்டு குளங்கள். துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தார். அதோடு ஒரு துளையின் பாதி அகலத்தையும், மறு துளையின் பாதி அகலத்தையும் கூட்டினார். எண்பது. பழையதை எடுத்து அதே போல் அளந்தார். நூறு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து முனைக்கு முனை அளந்தார்: நூற்றிருபது, நூற்றுநாற்பது. எப்படி அளந்தாலும் இஸ்மாயில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்தே தந்திருக்கிறார்.

இருபத்தெட்டு ஆண்டுகளும், எங்கிருந்து அளக்கவேண்டும் என்பதை உதிரிபாகத்தோடு வரும் வரைபடந்தான் அவருக்குச் சொல்லியது. வரைபடம் இல்லாத ஒரு பொருள் கைக்கு வந்தபோது, அந்தக் கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்த சாவித்ரி கூடத்தைப் பார்த்துத் திகைத்தார். "கழத்திப் போட்டுட்டிய! நாளைக்கு நான் எதுல போவேன்?"

"இஸ்மாயில் பாய் மாட்டித் தருவாரு" என்றார் விஸ்வேஸ்வரன். புதன்கிழமைக்குப் பிறகு 'பாய்' என்ற சொல் அன்றுதான் அவர் வாயில் வந்தது.

அன்றே குழுவுக்கு எழுதினார்: 'நாளை எல்லாரும் இஸ்மாயில் பாய் கடைமுன் கூடுங்கள். நான் ஒரு வேலை செய்யவேண்டியிருக்கிறது.'

விடிந்தபோது மேகம் கடையின் தகரக் கூரைவரை இறங்கியிருந்தது. முப்பது சைக்கிள்கள் அதற்குள் பாதி கரைந்து நின்றன. விஸ்வேஸ்வரன் தலையில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இஸ்மாயில் வாசலில் நின்றிருந்தார்.

"அரே, கைப்பிடி எங்க சார்?"

"பையில இருக்கு, பாய்."

குழுவின் செயலாளர் ராகவேந்திரா மணியடித்தார். "என்ன சார் வேலை? லேட் ஆகுது."

விஸ்வேஸ்வரன் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "நான் அளந்தது தப்பு. நடுவுலேர்ந்து நடுவுக்கு அளக்காம, கரைக்குக் கரை அளந்துட்டேன்."

"எந்தக் கரை சார், முளா நதியா?" என்று ராகவேந்திரா கேட்க, மேகத்துக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். விஸ்வேஸ்வரன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"இஸ்மாயில் பாய் எண்பதுன்னு குடுத்தது எண்பதுதான். அவரக் கேக்காம உங்ககிட்ட சொன்னேன். அது அளந்ததவிடப் பெரிய தப்பு."

பையிலிருந்து ஸ்டெம்மை எடுத்து, இஸ்மாயிலின் எதிரில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். மூன்று நாள் மழையில் சிவப்புச் சீட்டின் நூல் ஊறி, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிடிக்கவில்லை. விரல்கள் வழுக்கின.

இஸ்மாயில் குனிந்து ஒரு பிளேடை நீட்டினார். "விடுங்க சார், அறுத்துடலாம். நான் ஒண்ணும் நெனைக்கல."

"அறுக்கக் கூடாது பாய். கட்டின கைதான் அவுக்கணும். நீங்க பாக்கணும்."

இஸ்மாயில் பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்தார். யாரும் மணியடிக்கவில்லை. விஸ்வேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முடிச்சைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், நகநுனியால் நெம்பினார். முதல் சுற்று நெகிழ்ந்தது. வெகுநேரம் கழித்து இரண்டாவது. மூன்றாவது தானாகவே அவிழ்ந்துகொண்டது. நனைந்த சிவப்புச் சீட்டை மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டு, பச்சைச் சீட்டை எடுத்தார்.

"எங்க சார் கட்டப்போறீங்க, என் கழுத்துலயா?" என்றார் இஸ்மாயில்.

"ஸ்டெம்முலதான். நீங்க அத மாட்டிக் குடுங்க" என்று சொல்லி, விஸ்வேஸ்வரன் அந்த எண்பது மில்லிமீட்டரின் நடுவில், எளிதில் அவிழாதபடி, பச்சைச் சீட்டின் நூலை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார்.