பச்சைக் கூரைக் குடிசை

உறைந்த ஏரியின் மேல் வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய பின்னும் டார்லா நீமி இறங்கவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். எதிரே பனிக்கட்டி மேல் வரிசையாக, தரையில் துளை போட்டு உள்ளே உட்கார்ந்தபடியே மீன் பிடிக்கும் குடிசைகள். பச்சைக் கூரை போட்டதுதான் ஹாஃப்மன் சாருடையது என்று தூண்டில் கடைக்காரர் சொல்லியிருந்தார். மனிதர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை, போனையும் எடுப்பதில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து குளிர்காலம் முழுக்க இங்கேதான் வாசமாம்.

மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட, அறிவியல் நடத்திய இரண்டு பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். மாலை வகுப்பில் சேர்ந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, தெரிந்ததையே தெரியாத மாதிரி கேட்டு ஒன்றை வாங்கிவிட்டாள். இன்னொன்றுக்கு, முன்பு படித்த கல்லூரியில் உயிரியல் நடத்திய இவரை விட்டால் நாதியில்லை. ஆம்புலன்ஸில் பன்னிரண்டு வருடம் ஓடியவள், எந்த வீட்டுக் கதவையும் தட்டத் தயங்கியதில்லை. இந்தக் கதவைத் தட்டத்தான் தயக்கம். "போய்க் கேளேன்டி, கடிச்சா தின்னுடப் போறாரு?" என்று காலையில் சொன்ன கணவன் கர்ட் மேல் எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தாள்.

கதவைத் தட்டினாள்.

"அடடே, நீயாம்மா! வா வா, கதவைச் சாத்து!" ஹாஃப்மனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தவளை இதயத்தை ராத்திரி பூரா துடிக்க வெச்ச பொண்ணுல்ல நீ? மறக்க முடியுமா!"

அது கிறிஸ்டின். ஆய்வகத்தில் ஒரே மேசையில் இவளோடு நின்றவள். அதே உயரம், அதே மஞ்சள் சடை. அந்த வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வேலையையும் வந்த காரியத்தையும் சொன்னதும், "அதுக்கென்ன, எழுதறேன்! அப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லன்னு எழுதறேன்" என்றார். காப்பியை ஊற்றி நீட்டினார். இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் ஆளை மாற்றிச் சொன்னால் யாரும் திருத்துவதில்லை, சிரித்து வைப்பார்கள். டார்லாவும் சிரித்து வைத்தாள். தலையாட்டினால் போதும். கிறிஸ்டின் எங்கோ வீட்டுத் தரகு செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்கா தெரியப்போகிறது? காப்பியைக் கீழே வைத்தாள். இத்தனை பாடுபட்டு மருத்துவக் கல்லூரிக்குள் போவது இன்னொருத்தியாகவா என்று ஆத்திரம் வந்தது.

"சார், அது நானில்ல. என் பக்கத்துல நின்னவ."

சொன்ன மறுகணமே ஐயோ என்றிருந்தது.

"அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"சோதனைக் குழாயெல்லாம் கழுவிட்டிருந்தேன். ராத்திரி ஓட்டல்ல வேலை. வகுப்புல தூங்கி வழிவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆளைத் தெரியாம என்னத்தம்மா எழுதுவேன்? உன் முகமே எனக்கு நெனப்பில்ல. ஒப்புக்கு நாலு வரி எழுதினா உனக்குத்தான் கெடுதல்."

டார்லா எழுந்து கதவில் கை வைத்தாள். கண் கலங்கியது. வெளியே போனால் மனு அடுத்த வருடத்துக்குப் போகும், பிறகு அதற்கடுத்த வருடம், கடைசியில் எப்போதும் இல்லை. திரும்பி வந்து, மீன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரெதிரே உட்கார்ந்தாள்.

"அப்ப இப்பத் தெரிஞ்சுக்குங்க சார். என்ன வேணா கேளுங்க. இருட்டுற வரைக்கும் இருக்கேன்."

ஹாஃப்மன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நேத்து ஆம்புலன்ஸ்ல யாரை ஏத்திட்டுப் போன? அதுலேருந்து ஆரம்பி."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். பனித் துளைக்கு மேலே, மீன் கடித்துத் தூண்டில் முனை படபடவென்று ஆடியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.