குள்ளனுக்கு நாலு இன்ச்

அக்கா புருஷனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நான் ஒரு குள்ளனுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் உயரம்தான் இருப்பான். அவன் கண் கடுகில் கால்வாசி. மூச்சை அடக்கி, பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, ஒரு வெள்ளைப் புள்ளி; அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. கை கொஞ்சம் பிசகினால் மாவீரன் மாறுகண்ணன் ஆகிவிடுவான்.

இரண்டு பெட்டிகளோடு உள்ளே வந்த அக்கா, "இனிமே அந்த ஆளோட என்னால இருக்க முடியாது" என்றாள். அம்மா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த டீ டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். அது டீ இல்லை. காலையிலிருந்து பிரஷ் கழுவிய தண்ணீர்.

"பாரும்மா, தம்பி எப்படித் துடிச்சுப் போயிட்டான்" என்று அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன். என் துடிப்பில் பாதிக்குக் காரணம் பெயின்ட். மீதிக்குக் காரணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அத்தானோடு போர் வைத்திருந்தோம்.

எங்கள் போர் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மேஜை விளையாட்டு. அதற்கு ஒரு பெரிய மேஜை, கைநிறைய பகடைகள், ஓர் அளவு நாடா, இரண்டு படைகள் வேண்டும். என்னுடையது எலும்புக்கூட்டுப் படை. அத்தானுடையது இரும்புக் கவசம் போட்ட குள்ளர் படை. அவர் பொம்மைகளை வாங்கி, கை கால் ஒட்டுவதோடு சரி. இரண்டு படைக்கும் பெயின்ட் அடிப்பது நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பிரேமில் மாட்டுகிறவன் என்பதால் பூதக்கண்ணாடியும் பொறுமையும் கைவசம் இருந்தன. பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறப் படையை மேஜையில் இறக்குவதும் உள்ளாடையோடு ஆபீஸ் போவதும் ஒன்று என்பது எங்கள் கொள்கை. இந்த ஊரில் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டவர்கள் மொத்தம் இரண்டு பேர்.

ஆள் பிடிக்க நான் முயலாமல் இல்லை. கடை முதலாளியை ஒருநாள் கூட்டிவந்து உட்கார வைத்தேன். படையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பட்டன் எங்கப்பா இருக்கு?" என்றார். எதிர்வீட்டு அம்மாள் என் பொம்மை அலமாரியைப் பார்த்து, "குழந்தைங்க எத்தனை?" என்று அன்பாக விசாரித்தார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எனக்கு அத்தான் சர்க்கரை மூட்டையாகவே இருந்தார்.

அம்மா அன்று சாயங்காலமே சட்டம் போட்டுவிட்டாள். "இந்த வீட்டுல யாரும் அந்த ஆளோட பேசக் கூடாது. இனிமே அவன் நமக்கு எதிரி."

"அவர் எனக்கு எப்பவுமே எதிரிதானேம்மா" என்றேன்.

"உன் வாயில பெயின்டை ஊத்த" என்றாள் அம்மா. "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. கூடப் பிறந்தவ வாழ்க்கை இப்படி ஆயிடுச்சு, உனக்கு எதுவுமே ஆடலையே!"

ஆடவில்லைதான். நான் ஆட வேண்டும் என்பதுதான் என் கவலையே.

அதற்குள் அக்காவின் கண் என் மேஜைமேல் விழுந்தது. அத்தானின் குள்ளர்கள் பாதிப் பெயின்டோடு வரிசையாக நின்றிருந்தார்கள். "அந்த ஆளு சாமான் எதுவும் இங்க இருக்கக் கூடாது. வாசல்லயே குடுத்துட்டு உடனே திரும்பி வந்துடு."

"அரைகுறையா எப்படிக்கா குடுக்கறது? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எனக்கு அது தொழிலும் இல்லை, அதில் தர்மமும் இல்லை. கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்பதுதான் பயம். அதனால் உலகத்தில் எந்தக் குள்ளனுக்கும் கிடைக்காத கவனிப்பு அவர்களுக்குக் கிடைத்தது. தாடிக்கு மூன்று விதப் பழுப்பு. கவசத்தின் ஒவ்வோர் ஆணிக்கும் தனி வெள்ளிப் பொட்டு. பூட்ஸ் குதிகாலில் சேறு. குதிகாலை யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், யாரும் இல்லை. தண்ணீராகக் கரைத்த கறுப்பு மையை மடிப்புகளில் ஓடவிட்டு, அது காய்கிற வரைக்கும் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் அக்கா அழுவது கேட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் மை காய்கிற நேரத்தில் தூசி விழுந்துவிட்டால்?

அத்தான் போன் செய்தார். "மாப்ளே, என் படை எப்ப வரும்?" அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. அப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் எங்களுக்கு.

ஒரு வழியாகக் கடைசித் தாடியும் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை குள்ளர்களை ட்ரேயில் அடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒரு ஜாக்கிரதைக்காக என் எலும்புக்கூடுகளையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

கழுவாத பாத்திரங்கள் சிங்க்கைத் தாண்டி அடுப்புப் பக்கம் வரை வந்திருந்தன. ஆனால் மேஜை பளிச்சென்று இருந்தது. தெர்மாகோல் குன்றுகளும் அட்டைக் கோட்டையும் ஏற்கெனவே தயார். அத்தான் ஒரு குள்ளனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பூட்ஸ் குதிகால்ல சேறு! நீ மனுஷனே இல்ல மாப்ளே!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டில் இதுவரை யாரும் ஒரு பூட்ஸையாவது திருப்பிப் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. குள்ளர்களுக்குக் கால் குட்டை. ஒரு முறைக்கு நாலு அங்குலம்தான் நகரலாம். ஒவ்வொரு பொம்மையும் ஒரு சின்ன வட்டத் தட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். தட்டின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் முன்விளிம்பையே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அத்தான் முன்விளிம்பிலிருந்து நாடாவை நீட்டுவார். நாலாவது கோட்டில் பின்விளிம்பை வைப்பார். தட்டின் அகலம் ஓர் அங்குலம். ஆக, அவருடைய குள்ளர்களுக்கு எப்போதும் ஐந்து அங்குலம். நில அளவை செய்கிற சர்வேயர் அவர். தெரியாமல் செய்கிறார் என்று நினைக்க எனக்கு வாய்ப்பே இல்லை.

"உங்கக்கா சின்ன விஷயத்தைப் பெருசாக்கறா" என்றார், நாடாவை நீட்டிக்கொண்டே. "நான் குடிச்சேனா? அடிச்சேனா? எங்க போறே, யாரோட பேசறேன்னு கேட்டேன். கட்டினவன் கேக்கக் கூடாதா?" ஒரு குள்ளன் நாலைத் தாண்டி ஐந்தில் போய் நின்றான்.

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று கேட்டால், அளவுக்கும் சேர்த்துத்தான்.

குள்ளர்கள் என் எலும்புக்கூட்டு ராஜாவை மூலையில் நெருக்கி முடித்துவிட்டார்கள். "அடுத்த ஞாயிறு?" என்றார் அத்தான். "சரி அத்தான்" என்றேன். வீட்டில் சொல்ல வேண்டிய பொய்களை வழிநெடுகத் தயாரித்துக்கொண்டே வந்தேன். பஸ் கிடைக்கவில்லை, கதவு திறக்க நேரமாகிவிட்டது, எல்லாம் நல்ல தரமான பொய்கள்.

அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு ஜெயிச்சது?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொய் தயாரித்திருக்கவில்லை. "அத்தான்தான்."

"முன்னாடியிலேருந்து அளந்து, பின்னாடியைக் கொண்டுபோய் வச்சிருப்பாரே?"

தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீங்க ஆடற ரூம்லதானே உக்காந்து துணி மடிச்சேன் இத்தனை வருஷமா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? உனக்குத் தெரியுமா?"

"முதல்லேருந்தே தெரியும்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"கேட்டா கோவிச்சுக்குவாரு. அப்புறம் ஆட வரமாட்டாரு. ஒரு இன்ச்தானேக்கா. அவரை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

அக்கா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். "நானும் அதையேதான்டா சொல்லிட்டிருந்தேன். ஃப்ரெண்டு வீட்டுக்கு எதுக்குன்னாரு. சரி, ஒரு இன்ச்தானே. வேலைக்கு எதுக்குன்னாரு. போன்ல யாருன்னாரு. அம்மா வீட்டுல ராத்திரி தங்கணுமான்னாரு. ஒரு நாள் திரும்பிப் பாக்கறேன், எனக்கு நிக்கவே இடமில்ல."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கேலி செய்துகூட அதிலிருந்து தப்பிக்க முடியவில்லை. பக்கத்து அறையில் அவள் அழுதபோது நான் மை காயக் காத்திருந்தவன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அத்தான் முதல் குள்ளனுக்கு நாடாவை நீட்டி, வழக்கம்போலத் தூக்கி வைத்தார்.

"அத்தான், முன்விளிம்பை அங்க வைங்க. நாலு இன்ச்தான்."

அவர் நிமிர்ந்தார். "என்ன மாப்ளே, புதுசா இருக்கு? உங்கக்கா சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?"

"இல்ல. எனக்கே தெரியும்."

"ஒரு இன்ச்சுக்கு இவ்வளவு பேச்சா?"

"ஆமா அத்தான். ஒரு இன்ச்சுக்குத்தான்."

குள்ளனை அவர் பின்னால் நகர்த்துவாரா என்று காத்திருந்தேன். நகர்த்தியிருந்தால் உட்கார்ந்து ஆடியிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இஷ்டமிருந்தா ஆடு, இல்லேன்னா எடுத்துட்டுக் கிளம்பு" என்றார். நான் என் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் படுக்க வைத்தேன். பெட்டி மூடியில் பட்டு ஒரு வீரனின் ஈட்டி ஒடிந்தது.

இப்போது அவர்கள் என் அலமாரியில் புத்தம்புதுப் பெயின்டில் அணிவகுத்து நிற்கிறார்கள். எதிரே யாரும் இல்லை. என் ராஜ்யத்தில் அமைதி நிலவுகிறது. சகிக்கவில்லை.