சத்தம் போடும் பொத்தான்

தூண்டில் ரீலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. "சும்மா கையில உறுத்துதுங்க, கழட்டிப் போட்ருங்களேன்" என்பார்கள். ரீல் பழுது பார்க்கும் அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்வாள்: "நீங்க பக்கத்துல இல்லாதப்ப உங்களைக் கூப்பிடுற சாமான் அது. பொத்தானைத் தள்ளி வச்சா, தூண்டில் நரம்பை எது இழுத்தாலும் ரீல் கிர்ர்னு கத்தும். தூண்டில் கோலைக் கையில எடுத்ததும் அணைச்சிடணும்." தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போய், அடுத்த முறையும் அதே கேள்வியோடு வந்து நிற்பார்கள். மனிதர்களுக்குக் கைப்பிடியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பொத்தானை மறக்காமல் பயன்படுத்தியவன் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன், அவள் புருஷன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

போன அன்று காலையில் வீட்டில் சண்டை. எதற்கென்று கேட்டால் இப்போது அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் வாசல் வரைக்கும் வந்து, "போய்த் தொலை, இந்தப் பக்கமே வராதே" என்று கத்தியது மட்டும் மறக்கவில்லை. எந்த வீட்டில்தான் இந்த வார்த்தை வரவில்லை? ஆயிரம் முறை சொல்லியும் கேட்காத மனுஷன், அன்றைக்கென்று பார்த்துச் சொன்னபடி செய்துவிட்டான்.

அவனோடு படகில் போனது கொழுந்தன். விசாரித்தவர்களிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "நான் முன்னால படகை ஓட்டிக்கிட்டு இருந்தேன். அண்ணன் பின்னால இருந்தாரு. ஒரு சத்தமும் கேக்கல. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். வீட்லேருந்து வரும்போதே மனசு சரியில்லாமதான் வந்தாரு."

ஊர் வாய்க்கு அது போதாதா? மறுநாளே குதித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாமியார் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "வாயாலயே எம்புள்ளையைக் கொன்னுட்டியேடி." அதைக்கூட அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். மகள் பேசாமல் போனதுதான் பொறுக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிற பெண். தட்டை வைத்தால் சாப்பிடுவாள், கழுவி வைப்பாள், அறைக்குப் போய்விடுவாள். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தன் வார்த்தைதான் அவனைத் தள்ளிவிட்டதா? இல்லையென்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை எப்படியும் சுமந்துவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

விசாரணை முடிந்து படகுச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொழுந்தன் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அவளுடைய வேலை அறையில் இறக்கினான். "நான் எதையும் தொடல அண்ணி. இருந்தது இருந்தபடியே இருக்கு" என்று கேட்காமலேயே சொல்லிவிட்டு, கூடத்தில் தன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான்.

உப்புப் பூத்துக் கிடக்கும் ரீலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசை விளக்கைப் போட்டாள்.

பொத்தான் அணைந்திருந்தது. அவள் கை அப்படியே நின்றது. படகு ஓடும்போது கோல் பின்னால் தாங்கியில் நிற்கும். பொத்தான் தள்ளியே இருக்கும். கோலைக் கையில் எடுப்பவன்தான் அதை அணைப்பான். குதிக்கப் போகிறவன் எதற்காக அணைக்கிறான்?

நரம்பை இழுத்துப் பார்த்தாள். மேல் சுற்றுகள் ஒரே ஓரமாகக் குவிந்து கிடந்தன. அவள் புருஷன் கட்டைவிரலால் ஒதுக்கி ஒதுக்கிச் சீராகச் சுற்றுவான். இப்படிக் குவிப்பது கொழுந்தனின் கை. அதற்காக அவனை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள். கொஞ்ச தூரம் தொளதொளவென்று வந்த நரம்பு, அதற்கு மேல் வராமல் சிக்கி நின்றது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். அடிச்சுற்றுகளுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. வெறும் நரம்பைச் சுற்றினால் அப்படிப் புதையாது. மறுமுனையில் கனம் வேண்டும்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க."

வந்தவன் ரீலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"பொத்தானை அணைச்சது நீங்க. சுத்தினதும் நீங்க. அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

அவன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"ரீல் கத்துச்சு அண்ணி. ரொம்ப நேரம் கத்துச்சு. பெரிய மீன் மாட்டியிருக்குன்னு நெனச்சேன். ரீல் கத்தினா எஞ்சினை நிறுத்தாதே, திருப்பாதே, நேரா ஓட்டு, மத்ததை நான் சொல்றேன்னு அண்ணன்தானே சொல்லி வச்சிருந்தாரு. நரம்பு தொய்ஞ்சா மீன் போயிடும்ல. அவரு சொல்லுவாருன்னு நேரா ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"சத்தமே குடுக்கலையேன்னு பின்னால போனேன். ஆளைக் காணோம். கீழ ஐஸ் பெட்டிகிட்ட இருப்பாருன்னு நெனச்சு நானே கோலை எடுத்துச் சுத்தினேன். சந்தோஷமா சுத்தினேன் அண்ணி. 'அண்ணே, வந்து பாருண்ணே'ன்னு கூப்பிட்டுக்கிட்டே சுத்தினேன். படகு போய்க்கிட்டேதான் இருந்துச்சு. திடீர்னு கனம் விட்டுப் போச்சு."

அவள் ரீலை மேசையில் வைத்தாள்.

"முழுசா சுத்தி எடுத்தா, கொக்கியில அண்ணனோட பெல்ட்டு. தவறி விழுந்தவரு பின்னால வந்த நரம்பைப் பிடிச்சு, பெல்ட்டைக் கழட்டி, வளையம் மாதிரி முடிச்சுப் போட்டிருந்தாரு. பிடிச்சுக்கத்தான். கத்தியிருப்பாரு அண்ணி. எஞ்சினும் இந்தச் சனியனும் போட்ட சத்தத்துல எனக்குக் கேக்கல. திருப்பிக்கிட்டுப் போய் இருட்டுற வரைக்கும் தேடினேன். பெல்ட்டைக் கடல்ல வீசிட்டேன்."

திரும்பி வர வேண்டும் என்றுதான் முடிச்சுப் போட்டிருக்கிறான். அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். அடுத்த நொடி, அவன் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு படகின் பின்னால் இழுபட்டதை நினைத்ததும், ஆறுதல் வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சண்டை போட்டதை எதுக்குச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன் அண்ணி. அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்ருவாங்க. அவங்களுக்கு இப்ப நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அத்தைகிட்ட சொல்ல வேணாம். என் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எதிரே நிறுத்தினாள். அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பாவே முடிச்சுப் போட்டாரா?"

"ஆமாம்மா."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "கதவைச் சாத்திக்கிட்டு அங்க என்னடி எம்புள்ளையைப் படுத்தி எடுக்குற? ஒருத்தனைத் தொலைச்சது போதாதா உனக்கு?"

மகள் விருட்டென்று நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அவள் மகளின் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, தோ வர்றோம்" என்றாள்.