வௌவாலுக்குத் தச்ச முழுக்கை

“கையை எடுக்கச் சொல்லும்மா முதல்ல! அப்புறம் பேசலாம்.”

“அது என் கை இல்ல அத்தான், வீட்டோட கை. நீங்களே சொல்லிப் பாருங்க, கேக்குதான்னு.”

“வீட்டுக்கு ஏதும்மா கை? தெருவே வேடிக்கை பாக்குது!”

“பாக்கட்டுமே. கடப்பாரையைக் கீழ போடுங்க, விட்டுடும்.”

காலைல பத்தரை மணி, நல்ல வெயில். கூரை ஓரத்துலேர்ந்து இறங்கின ஒரு கை, தையல்காரம்மா புருஷனோட அண்ணனைக் காலரைப் பிடிச்சு தரையிலேர்ந்து ஒரு சாண் உசரத்துல வச்சிருந்துது. முழுக்கைச் சட்டை போட்ட கை. வெள்ளைத் துணி, மணிக்கட்டுல கஃப், ரெண்டு பொத்தான், ரெண்டும் ஒழுங்கா போட்டிருந்துது.

விஷயம் வௌவால்ல ஆரம்பிச்சது. அந்த ஓட்டு வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. அண்ணன் ரெண்டு தெரு தள்ளி மாடி வீடு கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. தம்பியும் தையல்காரம்மாவும்தான் இதுல இருந்தாங்க. தம்பிக்கு லாரி எடை போடற இடத்துல வேலை. எத்தனை டன்னு வந்தாலும் அசர மாட்டாரு, அண்ணன் வந்தா மட்டும் உக்காந்த நாற்காலி தானா காலியாயிடும். பரண்ல வௌவால் குடியேறி மூணு வருஷம். புழுக்கை மெஷின் மேலயே விழும். தச்ச ரவிக்கையை வாங்க வந்தவங்க துணியை மோந்து பாத்துட்டு, “ஏன்க்கா, இது என்ன வாசனை?”ன்னு கேட்டுட்டு அடுத்த தடவை வேற கடைக்குப் போயிட்டாங்க. அண்ணன் இதைத்தான் பிடிச்சுக்கிட்டாரு. மனுஷன் இருக்கற வீடா இது, இடிச்சுட்டு குடோன் கட்டலாம்னாரு. ஒரு மாசத்துல வௌவால் போகலைன்னா இடிக்கறதுன்னு முடிவாச்சு. தம்பி தலையாட்டினாரு. தையல்காரம்மா ஆட்டல, ஆனா சரின்னு சொன்னா. அந்த வீட்டை விட்டா அவ மெஷினைப் போட உலகத்துல வேற இடம் கிடையாது.

தினமும் சாயங்காலம் தெருவுல நின்னு வௌவால் எங்கெங்கேர்ந்து கிளம்புதுன்னு பாத்தா. ஒவ்வொரு ஓட்டைக்கும் துணில கோடு போடற சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி. முப்பத்தேழு ஓட்டை. வெட்டுத்துணியைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசி முப்பத்தாறை அடைச்சா. கடைசி ஓட்டையை அடைக்கறதுக்கு முன்னால பரண்ல ஏறி டார்ச் அடிச்சுப் பாத்தா, உத்தரம் பூரா குட்டிங்க. ரோமம்கூட சரியா முளைக்கல, தொங்கிக்கிட்டு பால் குடிச்சுக்கிட்டிருந்துதுங்க. இறங்கி வந்து, “இன்னும் பதினஞ்சு நாள் வேணும் அத்தான், குட்டி பறக்கட்டும்”னா. அவரு சிரிச்சுட்டு மறுநாள் புகைச்சட்டியோட வந்தாரு.

அப்பதான் அவ ஏணி வழியா பரணுக்கு ஏறி, ஏணியையும் மேல இழுத்துக்கிட்டா. “போடுங்க அத்தான் புகையை. நானும் உள்ளதான் இருக்கேன்”னு மேலேர்ந்து சொன்னா. அவரு சட்டியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னாரு, சட்டிதான் அணைஞ்சுது. பதினேழு நாள் அவ இறங்கல. தம்பி கயித்துல கட்டி சோறு அனுப்புவாரு, அடுத்து தண்ணி, அடுத்து கைமெஷின். தலைக்கு மேல வௌவால் தொங்க, முதுகை மடக்கி உக்காந்து இருந்த ஆர்டரையெல்லாம் முடிச்சா. “எனக்கும் உங்களைப் பிடிக்காது, பறக்கக் கத்துக்கிட்டு ஒழிங்க”ன்னு தினம் திட்டுவாளாம். பதினெட்டாம் நாள் சாயங்காலம் குட்டிங்க எல்லாம் பறந்துதுங்க. அவளும் இறங்கினா.

மிச்சமிருந்த ஓட்டைக்கு ஒரு துணிக்குழாய் தச்சா. யூனிஃபார்ம் துணி. மேல்வாயை ஓட்டையைச் சுத்தி ஆணி அடிச்சு, கீழ்வாயைத் தொங்க விட்டா. வெளிய வர்ற வௌவால் அதுக்குள்ள சறுக்கிக்கிட்டு இறங்கிப் பறந்துடும். திரும்பி வந்தா பழைய இடத்துலயே ஓட்டையைத் தேடும், கீழ்வாய் கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருபத்திரண்டு வருஷமா சட்டை தச்ச பழக்கம். யோசிக்காம தோள் வளைவு வெட்டி, முழங்கைக்குக் கொஞ்சம் இடம் விட்டு, கஃப் வச்சு, காஜா எடுத்து, பொத்தானும் வச்சுட்டா. தம்பி பாத்துட்டு, “வௌவாலுக்கு எதுக்குப் பொத்தான்?”னு கேட்டாரு. அவளுக்கே அப்பதான் தெரிஞ்சுது. “சரி விடுங்க, வச்சது வச்சாச்சு”ன்னா.

நாலு நாள்ல பரண் காலி. அஞ்சாம் நாள் குழாயைக் கழட்டி ஓட்டையை அடைக்கலாம்னு ஏணி போட்டு ஏறினா, உள்ள கை இருந்துது. கட்டி எத்தனையோ வருஷமா கையில்லாம நின்ன வீடு, தன் அளவுக்கு ஒண்ணு கிடைச்சதும் போட்டுக்கிச்சு. விரல் செங்கல் நிறம், நகம் ஓட்டுத்துண்டு மாதிரி. அவ தொட்டுப் பாத்தா, வெதுவெதுப்பா இருந்துது. தோள்ல கொஞ்சம் இழுத்துப் பிடிக்குதேன்னு தையலைப் பிரிச்சு அரை இஞ்ச் விட்டுக் குடுத்துட்டு இறங்கிட்டா.

அடுத்த நாள்தான் அண்ணன் ரெண்டு ஆளோட கடப்பாரை எடுத்துக்கிட்டு வந்தாரு. வௌவால் போனா என்ன, சொன்ன தேதி தாண்டிடுச்சுன்னாரு. தானே முதல் குத்து குத்தறதா சுவர்கிட்ட போனாரு. கை இறங்கிச்சு. கூட வந்த ரெண்டு பேரும் சைக்கிளை மறந்துட்டு ஓடிட்டாங்க. தொங்கிக்கிட்டிருந்தப்பவும் அவரு கடப்பாரையை விடல. அப்ப தம்பி உள்ளேர்ந்து வந்தாரு. அண்ணன் முகத்தை நேரா பாத்து, “குடுண்ணா”ன்னு கையை நீட்டினாரு. அண்ணன் குடுத்துட்டாரு. வீடு அவரை இறக்கி விட்டு, கசங்கின காலரை நீவியும் விட்டுது.

இது நடந்து ஒன்பது வருஷம். தபால்காரர் லெட்டரை அந்தக் கையிலதான் குடுக்கறாரு. தம்பி வேலைக்குக் கிளம்பறப்போ அதைக் குலுக்கிட்டுப் போறாரு. வௌவால் எப்பவாவது எட்டிப் பாத்தா கை மெதுவா விசிறி, பின்னால இருக்கற பெரிய மரத்தைக் காட்டும், அதுங்களும் போயிடும். அவ வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சட்டைக்கை தச்சுப் போடறா. அனுமதி இல்லாத கட்டுமானம்னு நகராட்சி ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்தப்போ, “இது கட்டினது இல்ல, தச்சது”ன்னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டா. இப்ப இன்னொண்ணு வந்திருக்கு. இந்த மாதிரி வேற எங்கயும் கிடையாது, அதனால மாசக் கடைசிக்குள்ள கையை எடுக்கணுமாம். அவ எடுக்க மாட்டா. இந்த வாரம் கஃப்புக்கு ரெட்டைத் தையல் போட்டுக்கிட்டிருக்கா. வேற எங்கயும் கிடையாதுங்கறதை மட்டும் நாம பொய்யாக்கணும். அதனால கேக்கறேன்: உங்க தெருவுல, உங்க சொந்தத்துல, யார் வீட்டுக்காவது கை இருந்தா, எந்தப் பக்கம், என்ன நீளம்னு தயவுசெஞ்சு கீழ பதில் போடுங்க.