கைப்பிடியில் ஒரு பெயர்

பழைய கைரம்பத்தின் பிடியை இறுக்கும் பித்தளை நட்டின் நடுவில் போல்ட் முனை துருத்தி நிற்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் உட்காராது. ஆஸ்திரேலியாவின் பாலராட்டில் தன் வீட்டுக் கராஜில், அந்த நட்டைத் திருகவென்றே, மரத்தில் துளைபோடும் மழுங்கிய தட்டை பிட் ஒன்றின் கூர்முனையை அரைத்தெடுத்து, நடுவே அரத்தால் பள்ளம் போட்டு, மரக் கைப்பிடியும் மாட்டினாள் கிளெனிஸ். மூன்று மாலைகள் பிடித்தன.

கணவன் மெர்வ் அதை, ஊர் ஆண்கள் கூடி மரவேலை செய்யும் 'ஆண்கள் ஷெட்'டுக்கு எடுத்துப்போனான். அங்கே போய்வரும் பக்கத்து வீட்டு டெஸ் வேலியோரம் நின்று சொன்னபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

"உன் புருஷன் கைவேலை அபாரம் கிளெனிஸ். எனக்கும் ஒண்ணு கேட்டிருக்கேன். ஷெட்டுக்கு நீ குடுத்தனுப்பின கேக்கும் நல்லா இருந்துச்சு."

கேக்குக்கு மட்டும் அவள் பெயர் கிடைத்திருந்தது. டெஸ்ஸுக்கு அது எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதுதான் அவளை அதிகம் எரித்தது.

மாலையில் நீலம் பாய்ந்து வளைந்த ஒரு பிட்டை மெர்வ் அவள்முன் வைத்தான்.

"டெஸ்ஸுக்காக அரைச்சேன். முதல் திருகுலயே வளைஞ்சிருச்சு."

"தண்ணில தோய்ச்சுத் தோய்ச்சு அரைச்சியா?"

"தண்ணியா?"

"சூடேறினா எஃகு இளகிடும் மெர்வ். செஞ்சவளுக்குத் தெரியும்."

அவன் காது சிவந்தது. "நான் செஞ்சேன்னு சொல்லல. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"இல்லேன்னும் நீ சொல்லல."

ஷெட்டில் அவரவர் செய்த கருவியில் தம் பெயரை எழுத்து அச்சால் அடித்துப் பதிப்பது வழக்கம். கிளெனிஸ் புது பிட் ஒன்றை அரைத்து முடித்து, கைப்பிடியில் தன் முழுப்பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் இறக்கினாள்.

"டெஸ்கிட்ட நீயே குடு," என்றாள். "குடுக்கும்போது வாசிச்சும் காட்டு."