டிக்கிக்குள் செங்கம்மா

நாகேந்திரன் குவைத்தில் ஒரு ஷேக்கிடம் பதினோரு வருஷம் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்தக் காரின் டிக்கியில் மழைத்தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதோ ஒருநாள் தூறல் போடும் ஊரில் ஓட்டியவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் மனைவி செங்கம்மா நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், "உனக்கு இன்னாமே தெரியும் காரப் பத்தி?" என்று பதில் வரும். அவன் வந்து பத்து மாதத்தில் அந்தக் கேள்வி கரும்பைப் பற்றியும், கரண்டைப் பற்றியும், பெற்ற மகள் படிக்கும் படிப்பைப் பற்றியும்கூட வந்துவிட்டது.

ஆந்திரத்துப் புத்தூருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அவன் இல்லாத வருஷமெல்லாம் அதை அவள்தான் பார்த்தாள். கிணற்று மோட்டார் எரிந்தால் ஆள் கூட்டிவந்து மேலே ஏற்றினாள், கரண்ட் வரும் நேரம் பார்த்து மடை திருப்பினாள், மண்டல ஆபீசில் தெலுங்கிலேயே சண்டை போட்டுப் பட்டா வாங்கினாள். 2005 பொங்கலுக்குத் திரும்பி வந்தவன் முதல் வேலையாக, குவைத் டிரைவர் பெண்டாட்டி சேற்றில் நிற்பதா என்று சொல்லி, நிலத்தை ஊரிலிருந்த முனிரத்தினம் என்பவரிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டான். இரண்டாவது வேலையாக, சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் காரை வாங்கி வந்தான். ஊரில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபிலோ பெங்களூரிலோ இருந்த காலம். போவோருக்கும் வருவோருக்கும் கார் வேண்டியிருந்தது. வாடகைக்கு ஓட்டினால் ராஜா மாதிரி இருக்கலாம் என்றான். அவள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அத்தனை வருஷம் வறண்டு கிடந்த ஏரிகள்கூட நிரம்பி வழிந்தன. நாகேந்திரன் காரின் டிக்கியும் நிரம்பியது.

முதலில் அதைக் கண்டுபிடித்தது ரிட்டயர்டு தெலுங்கு வாத்தியார் நாராயணசாமியின் குடும்பம். மகன் கல்யாணம் திருப்பதியில். முகூர்த்தப் புடவைகள் இருந்த சூட்கேஸை டிக்கியில் வைத்துக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் இறக்கித் திறந்தபோது அரக்குப் புடவையின் சாயம் இறங்கி, மஞ்சள் புடவைகள் எல்லாம் ரத்தம் தோய்ந்தது போல இருந்தன. சித்தூரிலிருந்து வந்திருந்த பெண்வீட்டார் அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் எதிரிலேயே நாகேந்திரன் வாத்தியாரிடம், ஈரத் தரையில் பெட்டியை வைத்தது நீங்கள்தான் என்று சாதித்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவும் சொன்னான். செங்கம்மாவுக்குக் கூசிப்போனது. அடுத்த நாளே போய் அந்த வாத்தியார் பெண்சாதியிடம் மன்னிப்புக் கேட்டாள். இதற்குள் ஊர் அந்தக் காருக்கு மீன் வளர்க்கும் கார் என்று பேர் வைத்துவிட்டது.

பிறகுதான் நிபுணர்கள் வந்தார்கள்.

திருப்பதியில் நாகபூஷணம் என்று ஒரு மெக்கானிக். விரல் விரலாகக் கல் வைத்த மோதிரம், கண்ணாடி ரூம், அதற்குள் ஏசி. அவர் காரைத் தொடவில்லை. ரூமுக்குள் இருந்தபடியே பார்த்து, டிக்கி மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் போய்விட்டது என்றார். புது பீடிங் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மழை பெய்தது, ஸ்டெப்னி டயர் பாதி மூழ்கியது. மறுபடி போனபோது பின்கண்ணாடியைச் சுற்றிச் சிலிகானை அப்பினார்கள், வெந்த புண்ணுக்கு மருந்து தடவியது மாதிரி. மறுபடி மழை, மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவை நாகபூஷணம், இந்த மாடலே இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். நாகேந்திரன் அதையும் நம்பினான். ஏசி ரூமில் உட்கார்ந்து சொன்னால் அவன் எதையும் நம்புவான் என்று செங்கம்மா நினைத்தாள்.

சித்தூர் கங்கையா இன்னும் கெட்டிக்காரர். தண்ணீர் வருவதை நிறுத்த முடியாவிட்டால் என்ன, போவதற்கு வழி செய்வோம் என்று டிக்கியின் அடித்தகட்டில் இரண்டு ஓட்டை போட்டார். "ஏமீ காது, ஒண்ணும் ஆவாது, இனிமே தண்ணி நிக்காது" என்று முதுகில் தட்டி அனுப்பினார். தண்ணீர் நிற்கவில்லைதான். ஆனால் ரோட்டுச் சேறு கீழிருந்து பீய்ச்சி ஏறியது. மேலே இருந்து மழை, கீழே இருந்து சேறு. கார்ப்பெட்டில் குடை விரித்த மாதிரி இரண்டு காளான் முளைத்ததை செங்கம்மா பார்த்தாள், பிடுங்காமல் விட்டுவைத்தாள். அவனே பார்க்கட்டும் என்று.

கடைசியில் நாகேந்திரன் கண்டுபிடித்த வைத்தியம், மழை வந்தால் காரை எடுக்காமல் இருப்பது. வேர்க்கடலை மூட வைத்திருந்த தார்ப்பாயைக் கொண்டுபோய்க் காருக்குப் போர்த்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

மகள் கீர்த்தி திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு அவளை அழைத்து வரும் வழியில் மழை பிடித்தது. டிக்கியில் வைத்த புத்தகங்கள் எல்லாம் ஊறி, தோசை மாவு பொங்கிய மாதிரி உப்பிப் போயின. நோட்டில் எழுதியிருந்த பிசிக்ஸ் முழுக்க நீலமாகக் கரைந்துவிட்டது. பெண் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினாள். நாகேந்திரன், பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றான்.

செங்கம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் வெயில் அடித்தது. கொல்லைப்பக்கம் காரைக் கொண்டுவரச் சொன்னாள். டிக்கியைக் காலி செய்து, கார்ப்பெட்டைக் காளானோடு சுருட்டி எறிந்தாள். ஸ்டெப்னியை இறக்கி, கங்கையா போட்ட ஓட்டைகளைத் துணியால் அடைத்து, உள்தகடு முழுவதையும் ஈரம் போகத் துடைத்தாள். பிறகு முறத்தில் கோலமாவை எடுத்துவந்து, பக்கத் தகடு, மூலை, மடிப்பு என்று ஒரு இடம் விடாமல் தூவினாள்.

நாகேந்திரன் சிரித்தான். காருக்குக் கோலம் போடுகிறாயா என்றான்.

வரப்பில் கசிவு பார்த்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. வெளியே வரும் இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே இருந்தால் காலம் முழுக்க அப்பிக்கொண்டே இருக்கலாம். உள்ளே நுழையும் இடம் எப்போதும் மேலே எங்கேயோ இருக்கும். மாவு நனைந்தால் தண்ணீர் வந்த தடம் தெரியும், தடத்தைப் பிடித்து மேலே போனால் ஓட்டை தெரியும். இதை அவனுக்கு விளக்கவில்லை. கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, டிக்கிக்குள் ஏறி மடங்கிப் படுத்தாள்.

"மூடு," என்றாள். "மோட்டார் ஓஸ் எடுத்து ஊத்து. கீழேர்ந்து ஆரம்பி. நான் தட்டினா அடுத்த எடம்."

"யாருனா பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"மீன் புடிக்கிறேன்னு நெனைப்பாங்க. மூடு."

மூடினான். உள்ளே கும்மிருட்டு. ரப்பர் நாற்றமும் பூஞ்சை நாற்றமும். முழங்கால் மோவாயில் இடித்தது. டார்ச்சை அடித்தபோது மாவு வெள்ளை வெளேரென்று பளபளத்தது. வெளியே தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. பம்பரில் ஊற்றினான், ஒன்றும் இல்லை. தட்டினாள். பின்லைட் இரண்டிலும் ஊற்றினான், ஒன்றும் இல்லை. மூடியைச் சுற்றி ஊற்றினான். நாகபூஷணத்தின் பீடிங் ஒரு சொட்டு விடவில்லை. பீடிங் நல்ல பீடிங்தான், வியாதி அங்கே இல்லை, அவ்வளவுதான். பின்கண்ணாடியில் ஊற்றும்போது, ஊற்றி ஊற்றி உடனே நகர்கிறாய், நிதானமாக ஊற்று என்று உள்ளேயிருந்து அதட்டினாள்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தகரத்துக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"எனக்கே சொல்லித்தர்றியா? ஒரு நாளைக்கு நாப்பது காருக்கு ஊத்தினவன் நானு. கீழேர்ந்து ஊத்தச் சொன்னவ நீ ஒருத்திதான்."

செங்கம்மா இருட்டில் கண்ணைத் திறந்து கிடந்தாள்.

"நாப்பது காரா," என்றாள். "உன் ஷேக்குக்கு நாப்பது காரா கீது?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஒரே இடத்தில், தலைக்கு மேலே வலதுபக்கம், நகராமல் விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அவன் அனுப்பிய போட்டோக்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு கார் மேல் சாய்ந்துகொண்டு நிற்பான். பச்சை, கறுப்பு, தங்கக் கலர். ஷேக்குக்கு எத்தனை கார் பாருங்கள் என்று அவளே தெருவில் காட்டியிருக்கிறாள். எல்லா போட்டோவிலும் பின்னால் அதே சிமென்ட் தூண்தான் இருந்தது. இத்தனை வருஷம் அந்தத் தூணைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"கீர்த்தி நைனா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "டிரைவர் வேல எத்தினி நாள் பாத்த?"

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"எட்டு மாசம்," என்றான் அவன். குரல் மூடிக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. "ஷேக் வூட்டு கேட்டுல கார இடிச்சிட்டேன். லைசென்ஸ் புடுங்கிட்டாங்கோ."

அப்புறம் அவன் நிறுத்தவில்லை. முகம் பார்க்க வேண்டாத சௌகரியம் போலும். ஒரு கடை வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் கார் கழுவும் வேலை. வெயிலே படாமல் பத்து வருஷத்துக்கு மேல். வாளி, துணி, ஓஸ். கடுதாசியில் எழுத நினைத்திருக்கிறான், அதற்குள் அவள் ஊரெல்லாம் டிரைவர் என்று சொல்லிவிட்டாள், பிறகு மாற்ற முடியவில்லை. கடைசியில் பழியை அவள்மேலேயே போட்டான் என்பதை செங்கம்மா கவனித்தாள்.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

டார்ச்சைத் திருப்பினாள். வலது மூலையில், மேலேயிருந்து இறங்கும் தகட்டு மடிப்பில், கோலமாவை இரண்டாகப் பிளந்துகொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. அது பக்கத் தகடு வழியாக வளைந்து இறங்கி, ஸ்டெப்னிக் குழியில் போய்ச் சேர்ந்தது. மேலே போகப் போக மெலிந்து, கூரைக்கும் பக்கத்துக்கும் நடுவே மறைந்தது. அவன் பேச்சு மும்முரத்தில் ஓஸை ஒரே இடத்தில் பிடித்து நின்றுவிட்டான். தண்ணீர் கசிந்து தடம் காட்ட வேண்டியிருந்தது அந்த நிதானம்தான்.

மூடியைத் தட்டினாள். அவன் திறந்தான். இறங்கும்போது கை கொடுக்க வந்தான், அவள் பிடிக்கவில்லை. மேல் முழுக்க மாவோடு வந்து, கூரையின் ஓரத்தில் நீளமாகப் போகும் மழைநீர் வடியும் பள்ளத்தைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் பட்டையை நகத்தால் தூக்கினாள். அடியில், தகடும் தகடும் சேரும் இடத்தில் பூசியிருந்த சீலர் ஒரு சாண் நீளத்துக்குத் தலைமுடி போல வெடித்திருந்தது. விரலை வைத்துக் காட்டினாள்.

"பத்து வருஷம் தொடச்சிருக்க," என்றாள். "ஒரு தடவகூட இந்தப் பட்டைய தூக்கிப் பாக்கலியா?"

அவன் தரையைப் பார்த்தான். கார் கழுவியது கேவலமா என்று மெல்லக் கேட்டான்.

"கழுவினது கேவலம் இல்ல. கழுவிட்டு வந்து என் நெலத்துல என்னைய எறங்கக் கூடாதுன்னு சொன்ன பாரு, அது."

அன்று சாயங்காலமே புத்தூரில் டிங்கரிங் செய்யும் ஆளிடம் போனார்கள். இந்தத் தடவை செங்கம்மாவும் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். எந்த இடம் என்று அவளே காட்டினாள். அந்த ஆள் வெடிப்பைச் சுரண்டிப் புது சீலர் பூசி, அடியில் கங்கையா போட்ட ஓட்டைகளையும் அடைத்துக் கொடுத்தார். பிறகு மூன்று நாள் விடாமல் மழை. டிக்கியில் ஈரப் பொட்டுகூட இல்லை. திருப்பதியில் நாகபூஷணத்திடம் சொன்னபோது, தான் ஆரம்பத்திலேயே அங்கேதான் சந்தேகப்பட்டதாகச் சொன்னாராம்.

வெளியே யாரிடமும் செங்கம்மா வாய் திறக்கவில்லை. புருஷன் மானம் காப்பாற்றுவதற்காக அல்ல. போட்டோக்களைத் தெருத்தெருவாகக் காட்டியவள் அவள்தானே. முனிரத்தினத்திடம் பேசி, இந்தப் போகம் முடிந்ததும் நிலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டாள். அவர் நாகேந்திரனைப் பார்த்தார். நாகேந்திரன் தலையாட்டினான். கீர்த்திக்கு நோட்டை மறுபடி எழுத அவள் தோழி ஒருத்தி தன் நோட்டைக் கொடுத்து உதவினாள்.

மார்கழியில், சத்யவேடு பக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு கொத்தனார் மச்சானோடு வந்தார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஏஜெண்ட் குவைத்துக்கு டிரைவர் விசா தருவதாகச் சொல்கிறான், அண்ணன் அங்கே இருந்தவராச்சே, கேட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். செங்கம்மா அப்போதுதான் அறுவடைக்கு முன்னே நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாகேந்திரன் வழக்கம்போல நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் ஷேக்கின் கார் ஓட்டிய கதையை ஆரம்பித்தான். பாதியில் குழாயடியைப் பார்த்தான். நிறுத்தினான்.

அப்புறம் விசாவில் ஒன்று எழுதியிருக்கும், அங்கே போனால் வேலை வேறாக இருக்கும் என்றான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றான். அடித்தளத்தில் வாளியோடு நின்றதை, சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கு வெந்ததை, பண்டிகை நாளில் ஐம்பது கார் வந்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னான். இந்த வாய் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று செங்கம்மா நினைத்தாள்.

ஏகாம்பரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மச்சானிடம், தான் சம்பாரிச்சி காரு வாங்கிட்டாரு, அடுத்தவன் போகக் கூடாதுன்னு கத கட்டறாரு என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

உள்ளே போய் நாகேந்திரனிடம் அப்படியே சொன்னாள்.

"நல்லா வேணும் உனக்கு," என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை எடுத்து அவன் எதிரில் வைத்தாள்.